பெயர் போடலாமுங்களா?

ஆட்டையாம்பட்டி என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லாரும் கேட்கிற அடுத்த கேள்வி ஒண்ணுதான். "முறுக்கு கொண்டு வந்தியா?" 2018 மே மாதம் முதல் வாரம், சென்னையில் ஒரு மனித உரிமை அமைப்பின் அலுவலகத்தில் ஊடகப் பயிற்சிக்குச் சேர்ந்த அன்றும் அதைத்தான் கேட்டாங்க. கொண்டு போயிருந்தேன். அம்மா பக்கத்துத் தெருவில் கைமுறுக்கு சுற்றப் போகிறவர். ரெண்டு கிலோ கட்டிக் கொடுத்திருந்தார். பத்து நிமிஷத்தில் டப்பா காலி. அப்புறம் எனக்கு ஒரு மேசை, ஒரு கத்தரிக்கோல், ஒரு பசைக் குப்பி, எட்டு நாளிதழ் கொடுத்து உட்கார வைத்தாங்க.

உழவர் வீட்டுப் பெண் மனித உரிமை அலுவலகத்துக்குப் போய் என்ன செய்தாள் என்று எழுதச் சொல்லி இதழில் இருந்து கேட்டாங்க. எழுதறேன். ஆனால் அந்த அமைப்பின் பெயரைப் போடப் போவதில்லை. நான் செய்த தப்பு ஒன்று இதில் வருகிறது. அது என்னுடைய தப்பு, அவங்க மேல ஒட்டக் கூடாது. சில ஊர்ப் பெயரையும், சில மனுசங்க பெயரையும்கூட எழுதவில்லை. அதுக்கான காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் வீட்டைப் பற்றிக் கொஞ்சம். எங்களுக்கு மூணு ஏக்கர் மேட்டாங்காடு, ஒரு கிணறு. சேலம், நாமக்கல் பக்கம் பாதிப்பேரைப் போல நாங்களும் குச்சிக்கிழங்கு போட்டு சேகோ மில்லுக்கு அனுப்புகிற குடும்பம்தான். 2010க்குக் கொஞ்சம் முன்னால் கிழங்குச் செடியில் மாவுப்பூச்சி வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்பா மருந்தடித்தார், மறுபடியும் அடித்தார், கடன்தான் ஏறிச்சு. கடைசியில் அந்தப் பூச்சியை அடக்கியது 2010ல் வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவி. கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவி செய்த வேலையை இத்தனை ஆயிரம் ரூபாய் மருந்து செய்யலையே என்று அப்பாவுக்கு அன்னைக்கு மருந்துக் கடை மேல் இருந்த நம்பிக்கை போச்சு. அதில் தொடங்கி எரு, மூடாக்கு, அமுதக்கரைசல் என்று மெதுவாக மாறினோம். நான் சேலத்தில் காட்சித் தொடர்பியல் படித்தேன். கேமரா பிடிக்கிற புள்ளைக்கு மனித உரிமை ஆபீசில் என்ன வேலை என்று அம்மாயி கேட்டாங்க. எனக்கும் அப்ப தெரியாது.

வேலை இதுதான். காலை எட்டு மணிக்குள் எட்டு நாளிதழையும் படிக்கணும். காவல் நிலையச் சாவு, கொத்தடிமை மீட்பு, சாதிக் கொடுமை, நில எடுப்பு இப்படிப்பட்ட செய்திகளை வெட்டி, தேதி போட்டு ஒட்டணும். எனக்கு மேலே இருந்த ஊடகப் பொறுப்பாளரை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவங்க ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தாங்க. ஒவ்வொரு செய்தியிலும் ஊர், தேதி, எண்ணிக்கை, இதை யார் சொன்னது என்ற நாலையும் அடிக்கோடு போடணும். முதல் மூணும் சுலபமாகக் கிடைக்கும். நாலாவதைத் தேடினால் பாதிச் செய்தியில் இருக்காது. "கூறப்படுகிறது" என்று இருக்கும். யாரால் கூறப்படுகிறது? "அந்தச் சொல்லைப் பார்த்தா அது பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடு" என்பாங்க.

மூணு மாதம் இப்படி வெட்டி ஒட்டி, ஒரு சான்றிதழ் வாங்கி ஊருக்கு வந்திருப்பேன். மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். அன்று ராத்திரியே அக்கா உட்பட அலுவலகத்தில் பாதிப்பேர் கிளம்பிப் போயிட்டாங்க. மறுநாள் காலையில் நானும் கணக்குப் பார்க்கிற அண்ணனும் மட்டும் இருந்தோம். தொலைபேசி நிற்கவே இல்லை. நிருபர்கள், வெளிநாட்டு அமைப்புகள், உறவுக்காரங்களைத் தேடுகிறவங்க. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. எத்தனை பேர்?

வாட்ஸ்அப்பில் வந்த எண்ணிக்கை மணிக்கு மணி ஏறிக்கிட்டே இருந்தது. எனக்கும் பெரிய எண்ணைச் சொல்லணும் போலத்தான் இருந்தது, மறைக்கலை. கோபம் அப்படி. அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பேரு, வயசு, ஊரு மூணும் உன் கையில எத்தனை பேருக்கு இருக்கோ அந்த எண்ணிக்கையை மட்டும் சொல்லு. மீதிக்கு விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்னு சொல்லு" என்றார். அப்படியே செய்தேன். ஒரு நிருபர், "உங்க அமைப்பே மூடி மறைக்குதா?" என்று திட்டினார். அந்த நிகழ்வில் இறந்தவர்கள் 13 பேர் என்பது பிறகு உறுதியானது. வாட்ஸ்அப்பில் வந்த பெரிய எண்ணை நான் சொல்லியிருந்தால், உண்மையான அந்த 13 பேரைப் பற்றி அடுத்து நாங்கள் எது சொன்னாலும் நம்பாமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

அப்படித்தான் என் தலையில் பொறுப்பு ஏறியது. யாரும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கொடுக்கவில்லை. ஆளில்லாத மேசையில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

கழித்துப் போட்ட பக்கம்

ஜூன் மாதம் வந்தது. சேலம் செய்திகளாக வந்து விழ ஆரம்பித்தன. சென்னை-சேலம் எட்டு வழிச்சாலை. 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய்த் திட்டம். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று அப்போதைய ஐந்து மாவட்டங்கள் வழியாக வந்து எங்கள் பக்கம் அரியானூரில் முடியும் என்றார்கள். பூலாவரி, குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டி, மஞ்சவாடி. நான் வெட்டி ஒட்டிய தாளில் எல்லாம் நான் பஸ்ஸில் போன ஊர்கள். காட்டுக்குள் கல் நட வருகிறவர்களோடு போலீஸ் வந்தது. பெண்கள் வரப்பில் உட்கார்ந்து அழுகிற படங்கள் முதல் பக்கத்தில் வந்தன. ஜூன் 18 அன்று சேலத்துச் சூழலியல் செயல்பாட்டாளர் பியூஷ் மானுஷ் கைது. மறுநாள் மாணவி வளர்மதி கைது.

அக்கா தூத்துக்குடியில் இருந்து திரும்பியதும் முதலில் கேட்டது, "அறிவிக்கை எந்தத் தேதியில வந்தது? ஒட்டி வச்சிருக்கியா?"

நான் விழித்தேன். எந்த அறிவிக்கை?

இதை நம் உழவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக் கொள்ளணும் என்பதால் நிறுத்திச் சொல்கிறேன். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. இந்த நிலத்தை எடுக்க எண்ணியிருக்கிறோம் என்று அரசிதழில் வெளியிடுவது 3ஏ பிரிவு. அதன் சுருக்கத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிடணும், ஒன்று வட்டார மொழியில் இருக்கணும். அறிவிக்கை வெளியான தேதியில் இருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கணும். இது 3சி பிரிவு. கொடுத்தவருக்கு நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு உண்டு, வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம். ஆட்சேபணையைத் தள்ளிவிட்டாலோ, யாருமே ஆட்சேபணை கொடுக்காவிட்டாலோ 3டி பிரிவில் அடுத்த அறிவிக்கை. அது வந்துவிட்டால் நிலம் அரசுக்குப் போனதாகக் கணக்கு. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் சொல்லியிருக்கிற சமூகத் தாக்க ஆய்வு நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. அதில் உள்ள இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வு, மறுகுடியமர்வு விதிகளும்தான் பொருந்தும்.

சரி, அந்தச் சுருக்கம் நாளிதழில் எங்கே வரும்? விளம்பரம் வருகிற பக்கத்தில். பொடி எழுத்தில், வரிசை வரிசையாகச் சர்வே நம்பர். நான் அந்த மாதிரிப் பக்கங்களைச் செய்தி இல்லை என்று கழித்து, பழைய பேப்பர் மூட்டையில் போட்டிருந்தேன். கட்டை அவிழ்த்துத் தேடினேன். கிடைத்தது. பாதிப் பக்கம் முழுக்க எண்கள்தான். சோளக்காடா, பூக்காடா, கிணறா, வீடா எதுவும் தெரியாது. எட்டு நாளிதழ் வாங்கி, அதைப் படிக்கவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிற அலுவலகமே அதைக் கழித்துப் போட்டிருக்கிறது என்றால், பேப்பரே வாங்காத காட்டுக்காரருக்கு அந்த 21 நாள் எப்படித் தெரியும்?

"உனக்கு அந்தப் பக்கம் பாஷை தெரியும், பாதை தெரியும். குழுவோட நீ போ" என்றார் அக்கா. பத்திரிகைக் குறிப்பு எழுதுவது, அமைப்பின் முகநூல் பக்கத்தைக் கவனிப்பது, படம் எடுப்பது, மக்கள் சொல்வதைப் பதிவு செய்வது நாலும் என் பொறுப்பு. எனக்கு அப்போது இருபது வயசு.

நூத்தி நாப்பத்தி மூணு தென்னை

ஊருக்கு வந்த அன்று ராத்திரி அப்பா கேட்டார். "ஏம் புள்ள, நாளைக்கு நீ ஊர்க்காரியாப் போறியா, ஆபீஸ்காரியாப் போறியா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"ரெண்டும்னா ரெண்டு பேருக்கும் கணக்குச் சொல்லணும், பாத்துக்க."

எங்கள் குழு ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு படிவம் நிரப்பியது. சர்வே நம்பர், பரப்பு, பட்டா யார் பேரில், கிணறு எத்தனை அடி, ஆழ்குழாய் உண்டா, மரம் எத்தனை, என்ன பயிர், வருஷத்துக்கு என்ன வருமானம், குத்தகைக்காரர் உண்டா, அந்தக் காட்டில் கூலிக்கு வருகிறவர்கள் எத்தனை பேர், அளக்க வந்தவர்கள் முன்கூட்டிச் சொன்னார்களா. முதல் நாள் ஒரு பெரியவர் தன் தோப்பில் இருநூறு தென்னை என்றார். எழுதப் போனேன். கூட வந்த வக்கீல் என் பேனாவைப் பிடித்து நிறுத்தி, "எண்ணிப் பாத்துட்டு வா" என்றார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் மரத்தை எண்ண நீ யாருன்னு கேட்டார். கேட்கத்தான் செய்வார். கடைசியில் அவரும் என்னோடு நடந்தார். நூத்தி நாப்பத்தி மூணு. இடையில் காய்ந்து போனது எட்டு, இளங்கன்று பதினொன்று என்று தனியாக எழுதினோம். ஏன் எண்ணினோம் என்பதை வக்கீல் அவருக்குச் சொன்னார். மனுவில் இருநூறு என்று இருந்து, அளவுக்கு வருகிறவர் நூத்தி நாப்பத்தி மூணு என்று எழுதினால், அடுத்த வரியில் இருக்கிற கிணறு, வீடு எதையும் நம்ப மாட்டார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பக்கத்துத் தோப்புக்காரனும் கூட்டித்தான் சொல்லுவான், அவன்கிட்டயும் எண்ணுங்க" என்றார்.

நிலம் இல்லாதவர்களைத் தேடிப் போகவேண்டும் என்பதும் அங்கே கற்றதுதான். கூட்டத்தில் முன்னால் வந்து பேசுகிறவர்கள் பட்டாதாரர்கள். குத்தகைக்கு ஓட்டுகிறவர், பூப்பறிக்க வருகிற பெண்கள், மேய்ச்சலுக்கு ஆடு கொண்டு வருகிறவர் யாருக்கும் அந்த அறிவிக்கையில் ஒரு எண்கூடக் கிடையாது. நிலம் போனால் இழப்பீடு நிலத்துக்கு. பூப்பறிக்கிற பெண்ணின் கைக்கு என்ன கணக்கு? இதற்கு இன்றைக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஒரு படம்

இனி அந்தத் தப்பு.

ஒரு ஊரில் குண்டுமல்லிக் காடு. முக்கால் ஏக்கர். காட்டுக்காரப் பெரியம்மா விடியற்காலை பறித்து முடித்து, பூக்கூடையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார். நல்லா பேசினார். அளக்க வந்தவர்கள் செடிமேல் மிதித்துப் போனது, கல்லை நட்டபோது மாமியார் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துகொண்டது, பாட்டன் வெட்டிய கிணறு என்று எல்லாம். அழவில்லை. கோபமாக, தெளிவாகப் பேசினார். "பெரியம்மா, படம் எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டேன். "எடுத்துக்க கண்ணு" என்றார். காலை வெயில், மல்லிச் செடி, பின்னால் கிணற்று மேடு, ஓட்டு வீடு. நான் எடுத்ததிலேயே நல்ல படம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு முகநூலில் போட்டேன். அவர் சொன்னதையும் அப்படியே போட்டேன், ஊர்ப் பெயரோடு. காலையில் பார்த்தால் ஆயிரக்கணக்கில் பகிர்ந்திருந்தார்கள். சந்தோசத்தில் அம்மாவிடம்கூடக் காட்டினேன்.

மூணாம் நாள் அந்தப் பெரியம்மா வீட்டில் இருந்து போன் வந்தது. யாரோ ரெண்டு பேர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். யார், எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. போனில் அந்தப் படத்தைக் காட்டி, இதில் இருக்கிறது யார், யார் தூண்டிவிட்டது, யார் யார் வந்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கையால் தொடவில்லை, மிரட்டவுமில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அது சேலத்தில் தினம் யாரையாவது கைது செய்துகொண்டிருந்த மாதம். அவர் வீட்டுக்காரர் தறிக்குப் போகிறவர். தறி முதலாளி, "உங்க வீட்டுல என்னப்பா பிரச்சனை?" என்று கேட்டிருக்கிறார். மாமியார் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. கல்லூரிக்கு மனு போட்டிருந்த மகன், "உன்னை யாரு பேசச் சொன்னது?" என்று அம்மாவிடம் கத்தியிருக்கிறான்.

நான் உடனே பதிவை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, பகிர்ந்தவர்கள் எல்லாரும் சேமித்து வைத்திருந்தார்கள். ஒரு மீம்ஸ்கூட வந்துவிட்டது. அடுத்த பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்தார். தண்ணி கொடுத்தார். திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"ஏங் கண்ணு, படம் எடுத்துக்கலாமான்னுதான கேட்ட? ஊருக்கெல்லாம் காட்டலாமான்னு கேக்கலையே?"

அதற்கு நான் சொல்ல முயன்ற பதில் எல்லாமே நொண்டிச் சாக்கு. எடுக்கச் சம்மதம் என்றால் போடவும் சம்மதம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டது எல்லாம் நான். அந்தக் காட்டில் ராத்திரி தூங்க வேண்டியது அவங்க.

அலுவலகத்தில் அக்காவிடம் சொன்னேன். பயிற்சியை விட்டுப் போகிறேன் என்றும் சொன்னேன். "போயிட்டா யாரு சரி பண்றது?" என்றார். அன்றைக்கு உட்கார்ந்து ஒரு முறையை எழுதினோம். இனி யாரிடமும் மூணு தனித்தனிக் கேள்வி. படம் எடுக்கலாமா? வெளியே போடலாமா, எங்கே எங்கே? பெயர், ஊர் போடலாமா? போட்டால் என்ன வரலாம் என்பதை நாம்தான் முதலில் சொல்லணும். யார் வந்து கேட்கலாம், வேலை கொடுக்கிறவர் என்ன நினைக்கலாம், வீட்டில் யாருக்குச் சங்கடம் என்று. சொல்லிவிட்டு ஒரு ராத்திரி டைம் கொடுக்கணும். மறுநாள் மறுபடி கேட்கணும். காலையில் வேண்டாம் என்றால் நேற்றைய சம்மதம் செல்லாது. முகம் தெரியாமல் கையை எடுக்கலாம், பூக்கூடையை எடுக்கலாம், நட்ட கல்லை எடுக்கலாம். ஆனால் பின்னால் கிணறும் வீடும் தெரிந்தால் முகத்தை மறைத்தும் பயன் இல்லை. உள்ளூர்க்காரருக்குக் கிணற்று மேட்டைப் பார்த்தாலே யார் காடு என்று தெரிந்துவிடும். இது எனக்கு, ஒரு காட்டுக்காரன் மகளுக்கு, முதல் நாளே தெரிந்திருக்கணும்.

உங்கள் காட்டுக்கும் ஒருநாள் கேமராவோடு யாராவது வரலாம். இயற்கை வேளாண்மை பற்றி எடுக்க யூடியூப்காரர்களே வாரம் நாலு பேர் வருகிறார்கள். எங்கே போடுவீங்க, பெயர் போடுவீங்களா, போடுவதற்கு முன் எனக்குக் காட்டுவீங்களா என்று தயங்காமல் கேளுங்கள். அவர்கள் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். நம்ம நல்லதுக்குத்தான் வந்திருக்காங்க என்பது கேட்காமல் இருக்கக் காரணம் ஆகாது. நானும் நல்லதுக்குத்தான் போனேன்.

அந்தப் பெரியம்மா ஆட்சேபணை மனுவை விடவில்லை. பட்டா நகல், அடங்கல், செடிக் கணக்கு, கிணற்று அளவு எல்லாம் வைத்துத் தன் பெயரில் கொடுத்தார், ஒப்புகைச் சீட்டும் வாங்கினார். எங்கள் குழுவில் யாரையும் கூட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான்.

ரத்து ஆனது எது

மூணு மாதம் என்று போனவள் ஒரு வருஷம் இருந்துவிட்டேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதப் பழகினேன். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் எழுதப் பழகினேன். அதற்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போகணும், தேசிய ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். செப்டம்பரில் யோகேந்திர யாதவ் திருவண்ணாமலை மாவட்டத்தில் உழவர்களைப் பார்க்க வந்தபோது செங்கம் அருகே அவரைப் பிடித்து வைத்தார்கள். அந்தச் செய்திக் குறிப்பை ஒரு மணி நேரத்தில் எழுதினேன். "கூறப்படுகிறது" என்று ஒரு இடத்தில்கூட இல்லை.

அந்த வருஷம் டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச்சபை உழவர்கள் மற்றும் ஊரகப் பகுதிகளில் உழைப்போரின் உரிமைகள் பற்றிய சாற்றுரையை நிறைவேற்றியது. 121 நாடுகள் ஆதரவு, இந்தியாவும் அதில் ஒன்று. 8 நாடுகள் எதிர்ப்பு, 54 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. வியா கம்பெசினா என்கிற உலக உழவர் இயக்கம் பல வருஷம் போராடிக் கொண்டு வந்தது அது. அதைத் தமிழில் சுருக்கித் தரச் சொன்னார்கள். மொத்தம் 28 உறுப்புகள். 17வது நிலம் பற்றி, 19வது விதை பற்றி. யார் உழவர் என்று முதல் உறுப்பிலேயே சொல்கிறது. கூலி வேலைக்காரர், ஆடு மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், நிலமில்லாதவர் எல்லாரும் அதில் அடக்கம். எனக்கு அந்தப் பூப்பறிக்கிற பெண்கள் ஞாபகம் வந்தது. சட்டம் போல இதை வைத்து நீதிமன்றத்தில் வாங்கிவிட முடியாது. ஆனால் மனு எழுதும்போது மேற்கோள் காட்டலாம், நான் காட்டியிருக்கிறேன்.

விதை உறுப்பை அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். விதையை எடுத்து வைக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க உழவருக்கு உரிமை உண்டு என்று. "உங்க அம்மாயி பானையில சாம்பல் போட்டு வச்சிருந்தாளே, யாருகிட்டக் கேட்டுக்கிட்டு வச்சா?" என்றார். நம் நாட்டு 2001ஆம் ஆண்டுச் சட்டம் 39வது பிரிவிலேயே இந்த உரிமை இருக்கிறது. இருந்தும் 2019ல் பெப்சி நிறுவனம் குஜராத் உருளைக்கிழங்கு உழவர்கள் மேல் வழக்குப் போட்டது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த மே மாதமே திரும்பப் பெற்றது.

2019 ஏப்ரல் 8, திங்கட்கிழமை. எட்டு வழிச்சாலை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. சுற்றுச்சூழல் முன் அனுமதி இல்லாமல் நிலம் எடுக்கக் கிளம்பியது தவறு என்று நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், பவானி சுப்பராயன் அமர்வு அறிவிக்கைகளை ரத்து செய்தது. வருவாய்ப் பதிவேட்டில் மாற்றியதை எட்டு வாரத்தில் பழையபடி மாற்றணும் என்றும் சொன்னது. தொலைக்காட்சியில் "எட்டு வழிச்சாலை ரத்து" என்று ஓடியது. ஊரில் பட்டாசு. எங்கள் குறிப்பு அரை மணியில் போகணும். நானும் "சாலைத் திட்டம் ரத்து" என்று தட்டிவிட்டேன். அக்கா எட்டிப் பார்த்து, "ரத்தானது எது?" என்றார். தீர்ப்பின் கடைசிப் பக்கங்களை மறுபடி படித்தேன். "நில எடுப்பு அறிவிக்கைகள் ரத்து" என்று மாற்றினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன், அரசு மேல்முறையீடு செய்யலாம் என்று. கொண்டாட்டத்துக்கு நடுவில் அந்த வரி யாருக்கும் பிடிக்கவில்லை. ஊரில் ஒருத்தர், "வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்றார்.

2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியைத் தள்ளிவிட்டு, அறிவிக்கை கட்டத்திலேயே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, சட்டப்படி மேற்கொண்டு போகலாம் என்றது. அன்று நான் அமைப்பில் இல்லை, ஊரில் குச்சிக்கிழங்குக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்த போன் வாயில் நல்ல வார்த்தை வராது என்று சொன்னவரிடம் இருந்துதான். "அம்மிணி, அந்த 21 நாள் கணக்கு திரும்ப ஆரம்பிக்குமா? பேப்பர்ல எந்தப் பக்கம் பாக்கணும்னு சொல்லு" என்றார். அதன் பிறகு விளம்பரப் பக்கத்தைப் பார்ப்பதற்கு என்றே அந்த ஊரில் ரெண்டு பையன்களை வைத்திருக்கிறார்கள்.

மல்லிக்காட்டுப் பெரியம்மாவோடு எனக்குப் போக்குவரத்து விட்டுப் போகவில்லை. 2019 தீர்ப்பு வந்த அன்று ராத்திரி அவரே கூப்பிட்டார். "கண்ணு, இப்பப் போட்டுக்க எம் பேர, எம் படத்த. நல்லாப் பெருசாப் போடு" என்று சிரித்தார். ஒரு ராத்திரி போகட்டும் பெரியம்மா, காலையில கேக்கறேன் என்றேன். காலையில் கேட்டேன். மகன் வேண்டாங்கறான் என்றார். 2020 தீர்ப்புக்குப் பிறகு நானாகக் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததும் அவரிடம் போய் முழுக்கப் படித்துக் காட்டினேன். பூக்கட்டிக்கொண்டே கேட்டார். மாமியார் கல்மேல் உட்கார்ந்த இடம் வந்தபோது கட்டுவதை நிறுத்தினார். மாமியார் இப்போது இல்லை.

"பெயர் போடலாமுங்களா பெரியம்மா?"

"வெய்யி, நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே கூப்பிட்டார். கிலோ என்ன விலைக்குப் போச்சு என்பதை முதலில் சொன்னார். அப்புறம், "மாமியா கதைய வெச்சுக்க. எம் பேரு வேண்டாம். ஊருப் பேரும் வேண்டாம்" என்றார்.